ஈவி கார் சீட்டு கவர்: பக்கெட் ஃபிட்டா, டவலா, இல்ல சும்மாவே விட்டுடலாமா?

நாங்க இருக்கறது கிருஷ்ணகிரி. தினமும் பர்கூர் வரைக்கும் ஸ்கூலுக்கு நான்தான் ஓட்டிட்டுப் போறேன், லீவுன்னா தர்மபுரில அண்ணன் வீடு, மாங்கா சீசன்னா காவேரிப்பட்டணத்துல மாமனார் தோப்பு. கார் டாடா நெக்ஸான் ஈவி, அதாவது பேட்டரில ஓடற எலக்ட்ரிக் கார், துணி சீட்டு வர்ற வேரியன்ட். வண்டி வந்த அன்னிக்கு பூஜை முடிச்சு எலுமிச்சம்பழம் நசுக்கின உடனே அத்தை கேட்டது "சீட்டுக்கு கவர் போடலையாம்மா, புள்ள எல்லாத்தையும் கொட்டிடுவாளே"ன்னுதான். அவங்க சொன்னதும் நியாயம்தான், பாப்பாவுக்கு மூணு வயசு, கைல எப்பவும் ஃப்ரூட்டியோ முறுக்கோ இருக்கும், போதாததுக்கு மாமா பெங்களூரா மாங்காவ சாக்குல கட்டி பின் சீட்டுல வெச்சுடுவார், அந்த மாங்காப் பால் துணில பட்டுச்சுன்னா கறை சுலபத்துல போகாது.

அதனால கவர் வேணுமா வேணாமான்னு ரெண்டு மாசம் நல்லா அலசினேன். கடை கடையா ஏறி இறங்கினேன், கார் மேனுவல படிச்சேன், சைல்டு சீட்டு மேனுவலயும் படிச்சேன். என் கணக்குல நாலு வழி இருக்கு: அளவெடுத்து தெச்சு இறுக்கமா மாட்டுற பக்கெட் ஃபிட் ரெக்ஸின் கவர், கார் கம்பெனியே அக்சஸரியா விக்கிற கவர், பக்கம் ரெண்டும் திறந்து இருக்குற டவல் இல்லன்னா காட்டன் கவர், கடைசியா முன்னாடி சீட்டுக்கு ஒண்ணுமே போடாம பின்னாடி மட்டும் கழட்டி துவைக்கிற விரிப்பு. விலைய வெச்சும் அழக வெச்சும் பார்த்தா பக்கெட் ஃபிட்தான் ஜெயிக்கும், கடைக்காரங்களும் அதத்தான் முதல்ல காட்டுவாங்க. ஆனா நான் பார்த்த முதல் விஷயம் சைடு ஏர்பேக்.

உங்க கார்ல சைடு ஏர்பேக் இருக்கான்னு இப்பவே போய் பாருங்க. டிரைவர் சீட்டோட சாய்மானத்துல கதவுப் பக்கம் ஓரத்துல எஸ்ஆர்எஸ் ஏர்பேக்னு எழுதின ஒரு சின்ன டேக் தொங்கும். அந்தத் துணிக்குப் பின்னாடிதான் பை மடிச்சு வெச்சிருக்காங்க. முன்னாடி மோதினா நமக்கும் இடிக்கற வண்டிக்கும் நடுவுல பானெட் முழுசும் இருக்கு, நசுங்கறதுக்கு இடம் இருக்கு. பக்கத்துல மோதினா கதவுக்கும் நம்ம விலாவுக்கும் நடுவுல ஒரு சாண் கூட இல்ல, அதனால அந்தப் பை 10லருந்து 20 மில்லி செகண்டுக்குள்ள சீட்டுத் துணியக் கிழிச்சுட்டு வெளிய வரணும். நாம ஒரு தடவ கண்ண சிமிட்டவே 100 மில்லி செகண்டுக்கு மேல ஆகும். அந்த இடத்துல ரெண்டு அடுக்கு ரெக்ஸினும் நடுவுல ஃபோமும் வெச்சு நைலான் நூல்ல டபுள் தையல் போட்டு மூடிட்டா பை லேட்டாகும், இல்லன்னா வேற பக்கமா பிதுங்கும். ஆறு ஏர்பேக் இருக்கு, பாரத் என்கேப்ங்கற மோதல் சோதனைல 5 ஸ்டார்னு பார்த்து வாங்கறோம், நெக்ஸான் ஈவிக்கும் பஞ்ச் ஈவிக்கும் 2024 ஜூன்ல அது கிடைச்சுது, ஆனா அந்த டெஸ்ட்ல இடிச்சது கடைல போட்ட கவரோட இல்ல.

"ஏர்பேக் கம்பாட்டிபிள்" கவர்னு விக்கிறாங்களேன்னு கேப்பீங்க. நல்ல கவர்ல அந்த ஓரத்துல மட்டும் மெல்லிசான நூல்ல தளர்வா தெச்சிருப்பாங்க, இழுத்தா பிரியும், அதுதான் வேணும். சில கவர்ல தைக்காம அந்த இடத்த அப்படியே திறந்து விட்டிருப்பாங்க, அது இன்னும் நல்லது. ஆனா தையல் இருக்குன்னு டப்பால எழுதினா மட்டும் போதாது, மாட்டறவங்க சரியா மாட்டணும். எங்க அண்ணனும் ஈவிதான் வெச்சிருக்கான், ஒரு கடைல 9,500 ரூபா குடுத்து கறுப்பும் பிரவுனுமா பக்கெட் ஃபிட் போட்டான், பார்க்க அவ்வளவு அழகா இருந்துச்சு. அவன் வீட்டு வாசல்லயே உக்காந்து சாய்மானத்தோட கதவுப் பக்க ஓரத்த மேலருந்து கீழ வரைக்கும் விரலால தடவிப் பார்த்தேன், ஒரே கெட்டித் தையல், டேக் கவருக்குள்ள போயிடுச்சு. சரி இது டூப்ளிகேட்டு போலன்னு நெனச்சு இந்தப் பக்கம், ரெண்டு சீட்டுக்கும் நடுவுல இருக்கற கன்சோல் ஓரத்த தொட்டா அங்க இருக்கு அந்த மெல்லிசான தையல்! இடது சீட்டு கவர வலதுலயும் வலத இடதுலயும் மாத்தி மாட்டிட்டாங்க. கவர் நல்ல கவர்தான், ஆனா பிரிய வேண்டிய எடம் தப்பான பக்கத்துல உக்காந்துட்டு இருக்கு. மாட்டி நாலு மாசம் அண்ணியும் ரெண்டு பசங்களும் அதுலதான் தொப்பூர் கணவாய் ஏறி இறங்கி சேலம் போய்ட்டு வந்திருக்காங்க, அத நெனச்சா இன்னிக்கும் எனக்கு வயித்தக் கலக்குது.

அதோட முடியல. பக்கெட் ஃபிட் இறுக்கமா வரணும்னா சீட்ட கழட்டித்தான் மாட்டுவாங்க. சீட்டுக்கு அடில மஞ்சள் கலர் கனெக்டர் இருக்கும், மஞ்சள்னாலே ஏர்பேக் சம்பந்தப்பட்டது. வண்டி ஆன்ல இருக்கும்போதோ 12 வோல்ட் பேட்டரிய கழட்டாமலோ அதப் பிடுங்கினா டேஷ்போர்டுல ஏர்பேக் லைட்டு எரிய ஆரம்பிச்சுடும், எரியற வரைக்கும் ஏர்பேக் வேலை செய்யும்னு நம்ப முடியாது. அண்ணன் வண்டில ரெண்டாம் நாளே எரிஞ்சிருக்கு, "சென்சார் பிரச்சனை, தானா போயிடும்"னு கடைல சொல்லி அனுப்பிட்டாங்க, இவனும் விட்டுட்டான். சர்வீஸ் சென்டர்ல ஸ்கேனர் போட்டுத்தான் அத கிளியர் பண்ணினாங்க. ஈவில இன்னொரு கலரும் ஞாபகம் வெச்சுக்கோங்க, ஆரஞ்சு கேபிள்னா ஹை வோல்டேஜ், சில மாடல்ல அந்த ஹை வோல்டேஜ துண்டிக்கற சர்வீஸ் டிஸ்கனெக்ட் பிளக்கே பின் சீட்டுக்கு அடிலதான் இருக்கும். கவர் மாட்டுற தம்பிக்கு இது தெரியுமான்னு கேட்டுட்டுதான் சீட்டத் தொட விடணும்.

கம்பெனி அக்சஸரி கவர் விலை ஜாஸ்தி, எங்களுக்கு சொன்னது வெளிய வாங்குறத விட ஏறக்குறைய ஒண்ணரை மடங்கு, கலரும் ரெண்டு மூணுதான் இருக்கும். ஆனா நம்ம வேரியன்ட்டுக்குன்னே வெட்டினது, பிரியற தையல் சரியான எடத்துல வரும், மாட்டறதும் அவங்க ஆளு, லைட்டு எரிஞ்சா அவங்க தலைவலி. ரெக்ஸின் கவர்தான் வேணும்னு முடிவு பண்ணிட்டவங்க காசப் பார்க்காம இதுக்குப் போயிடுங்க, பக்கெட் ஃபிட்ல மிச்சம் பிடிக்கற மூவாயிரம் நாலாயிரத்துக்கு இந்த அலைச்சல் வேணாம். ஒரு விஷயம், காத்து வர்ற வென்டிலேட்டட் சீட்டு இருந்தா எந்தக் கவரும் போடாதீங்க, ஓட்டையெல்லாம் அடைச்சுட்டு அந்த வசதிக்கு குடுத்த காசு வீணாகும்.

ரெக்ஸின் விஷயத்துல எனக்கு இன்னொரு குறை இருக்கு, வழுக்கல். ஈவி ஓட்டுறவங்களுக்கு தெரியும், ரீஜென், அதாவது வேகத்தக் குறைச்சே பேட்டரிய சார்ஜ் பண்ற வசதி, அதிகமா வெச்சிருந்தா ஆக்சிலரேட்டர்லருந்து கால எடுத்தாலே உடம்பு லேசா முன்னாடி போகும். தொப்பூர் இறக்கத்துல இது திரும்பத் திரும்ப நடக்கும். துணி சீட்டு பிடிச்சு வெச்சுக்கும், பளபள ரெக்ஸின்ல வயசானவங்களும் பசங்களும் கொஞ்சம் கொஞ்சமா முன்னாடி நழுவி உக்காருவாங்க, அப்ப இடுப்புல இருக்க வேண்டிய பெல்ட் வயித்துக்கு ஏறிடும். மோதல்ல பெல்ட் தாங்க வேண்டியது இடுப்பு எலும்ப, வயித்த இல்ல. அப்புறம் வெயில். மே மாசம் பழைய பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு மணி நேரம் நிறுத்திட்டு வந்தா ரெக்ஸின்ல பாப்பா தொடை பட்டதும் கத்திடுவா. ஈவில ஆப்ல முன்னாடியே ஏசி போட்டு விடலாம், அது பெரிய உபகாரம், ஆனா காட்டன்ல அந்தக் கவலையே இல்ல.

டவல் கவர், காட்டன் கவர் ரெண்டும் 1,200லருந்து 2,000க்குள்ள கிடைச்சுது. பக்கம் திறந்த மாதிரி எடுத்தா ஏர்பேக் ஓரத்துக்கு கிட்டயே வராது, துவைக்கலாம், நாமளே மாட்டலாம். குறை என்னன்னா நகரும், சுருங்கும், பார்க்க அவ்வளவு எடுப்பா இருக்காது. எலாஸ்டிக்கு பட்டைய சீட்டுக்கு அடில கொண்டு போய் கொக்கி மாட்டும்போது அந்த மஞ்சள் கனெக்டர் ஒயர்ல சிக்காம பாருங்க, கைய விட்டு தடவிட்டு மாட்டுங்க. அடில ரப்பர் புள்ளி வெச்சது எடுத்தா நகர்றது குறையும்.

பின் சீட்டுக்கு வருவோம், பாப்பா உக்கார்ற எடம் அது. பக்கெட் ஃபிட் போட்டா சைல்டு சீட்டப் பூட்டுற ஐசோஃபிக்ஸ் கொக்கி உள்ள போயிடும், அது சீட்டும் சாய்மானமும் சேர்ற இடுக்குலதான் இருக்கு. ஒரு கடைல "அக்கா, அந்த எடத்துல பிளேடு போட்டு கீறி விட்டுடறேன்"னு தம்பி சொன்னான், வேணாம்பான்னுட்டு வந்துட்டேன். கீறின துணி மடிஞ்சு கொக்கிக்கு நடுவுல மாட்டினா சைல்டு சீட்டு முழுசா பூட்டாது, பூட்டினா வர்ற பச்சை அடையாளம் ரெண்டு பக்கமும் தெரியுதான்னு பார்த்தே ஆகணும். மேல பின்னாடி மாட்டுற டாப் டெதர் பட்டைக்கும் அதே கதைதான், ஹெட்ரெஸ்ட் கவர் வழிய அடைக்கக் கூடாது.

சைல்டு சீட்டுக்கு அடில போடற தடிமனான மேட்டு ஆன்லைன்ல நிறைய வருது, பாக்கெட்டு வெச்சு, ஃபோம் வெச்சு. நானும் ஒண்ணு வாங்கினேன், 900 ரூபா. மாட்டிட்டு பெல்ட் போற எடத்துல சைல்டு சீட்டப் பிடிச்சு இடம் வலமா ஆட்டிப் பார்த்தா நல்லாவே ஆடுது, ஒரு இஞ்சுக்கு மேல ஆடக் கூடாதுங்கறதுதான் கணக்கு. அந்த ஃபோம் மோதல்ல இன்னும் நசுங்கும், நசுங்கின அளவுக்கு பெல்ட் தொள தொளன்னு ஆயிடும். எங்க சைல்டு சீட்டு மேனுவல்லயே அடில மெத்தை மாதிரி எதுவும் வைக்காதீங்கன்னு போட்டிருந்துச்சு. திருப்பி அனுப்பிட்டேன். அச்சு விழுமேன்னு பயப்படாதீங்க, துணி சீட்டுல விழுற அச்சு நாளாக நாளாக மறையும். 14 வயசுக்குள்ள புள்ளைய பெல்டோ சைல்டு சீட்டோ இல்லாம கூட்டிட்டுப் போனா மோட்டார் வாகனச் சட்டம் 194பி பிரிவுல 1,000 ரூபா அபராதம்னு 2019லயே சட்டம் வந்துடுச்சு, ஆனா சீட்டு இருந்தும் தளர்வா கட்டினா அபராதம் வராதே தவிர புள்ளைக்கு பாதுகாப்பு பாதிதான்.

பெல்ட் பக்கிள் பத்தியும் சொல்லணும். முழு கவர் போட்ட பாதி வண்டில பின்னாடி மூணு பக்கிளும் கவருக்குள்ள புதைஞ்சு கிடக்கு, தேடி எடுக்க சோம்பேறித்தனப்பட்டு யாரும் போடறதில்ல. 2022 செப்டம்பர்ல டாடா சன்ஸ் முன்னாள் தலைவர் சைரஸ் மிஸ்திரி மகாராஷ்டிராவுல பால்கர் கிட்ட கார் விபத்துல இறந்தப்ப பின் சீட்டுல பெல்ட் போடாமத்தான் இருந்தார்னு போலீஸ் சொன்னாங்க, அதுக்கப்புறமாவது நாம மாறியிருக்கணும். கவரோட சேர்த்து, பெல்ட் போடலன்னா அடிக்கற அலாரத்த நிறுத்துற கிளிப்ப சும்மா குடுப்பாங்க, வாங்காதீங்க, 2023 மே மாசம் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் அத ஆன்லைன்ல விக்கவே கூடாதுன்னு உத்தரவு போட்டது.

பேட்டரிக்குள்ள தண்ணி போயிடும், வாட்டர்ப்ரூஃப் ஃபுல் கவர் கட்டாயம் போடணும்னு ஒரு கடைல பயமுறுத்தினாங்க. அத்தையும் ரொம்ப நாள் அதையே சொல்லிட்டு இருந்தாங்க. நெக்ஸான் ஈவி பேட்டரி ஐபி67, அதாவது ஒரு மீட்டர் தண்ணில அரை மணி நேரம் மூழ்கினாலும் உள்ள போகாத அளவுக்கு சீல் பண்ணினது, அதுவும் இருக்கறது தரைக்கு அடில. பாப்பா கொட்டுற ஜூஸால அதுக்கு ஒண்ணும் ஆகாது. ஆனா முன் சீட்டுக்கு அடில இருக்கற கனெக்டருக்கும், ஆள் உக்காந்திருக்காங்களான்னு பார்க்கிற சென்சாருக்கும் தண்ணி ஆகாது, அங்க கொட்டினா உடனே துடைச்சுடணும். ஈவிக்குன்னே லைட் வெயிட் கவர், ரேஞ்ச் கூடும்னு சொல்றதையும் நம்ப வேணாம், ஒன்றரை டன்னுக்கு கிட்ட வர்ற வண்டில ரெண்டு மூணு கிலோ எந்த மூலைக்கு. தீப்பிடிக்காத கவர்னு சொன்னா ஐஎஸ் 15061 டெஸ்ட் பண்ணினதான்னு கேளுங்க, காருக்குள்ள வர்ற துணி எவ்வளவு வேகமா எரியலாம்னு சொல்ற தரம் அது.

கடைசில நாங்க செஞ்சது: முன் சீட்டு ரெண்டும் சும்மாவே இருக்கு, கறை பட்டா ஷாம்பு தண்ணில துடைக்கிறேன். பின்னாடி பாப்பா சைல்டு சீட்டு நேரா கார் சீட்டு மேலயே. மிச்ச எடத்துக்கு அடில ரப்பர் கோட்டிங் இருக்கற காட்டன் விரிப்பு ஒண்ணு, 650 ரூபா, பக்கிள் வர்ற எடத்துல பெரிய ஓட்டை விட்டு டெய்லர் அக்காகிட்ட ஓரம் அடிச்சு வாங்கினேன். ஒகேனக்கல் போய்ட்டு எண்ணெய் மசாஜும் ஈர ட்ரெஸ்ஸுமா ஏறினாலும் அத உருவி துவைச்சா போச்சு. மாங்கா சாக்கு இப்ப டிக்கிக்குப் போயிடுச்சு, மாமாவுக்கு அது கொஞ்சம் வருத்தம்தான், அடிபட்டுடும்னு.

அண்ணன் முன் சீட்டு கவர் ரெண்டையும் கழட்டிட்டான், மாத்தி மாட்டலாம்னுதான் பார்த்தான், ஆனா மறுபடியும் சீட்டக் கழட்டணும்னதும் விட்டுட்டான். பின்னாடி இருக்கற கவர்ல பக்கிள் மூணையும் வெளிய எடுத்து விட்டாச்சு. முன்னாடிக்கு டவல் கவர் தேடிட்டு இருக்கோம், அவன் சீட்டுல ஆர்ம்ரெஸ்ட் இருக்கறதால தர்மபுரில கிடைச்சது எதுவும் அளவு சரியா உக்காரல, வர்ற சனிக்கிழமை ஓசூர் போய் பார்க்கணும்.