ஸ்கூட்டியும் மோட்டார் சைக்கிளும்

காலை 7.30க்கு யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலிச் சந்தியில் நின்று பாருங்கள். பெடியன்கள் மினிபஸ்ஸை இடப்பக்கத்தால் முந்துவார்கள். முழங்கையில் தொங்கும் ஹெல்மெட், பொலிசைக் கண்டால்தான் தலைக்கு ஏறும். ஸ்கூட்டியில் வரும் அக்காமார் நிதானம்தான். ஆனால் ஒழுங்கையிலிருந்து பலாலி வீதிக்கு நிற்காமலே ஏறுவார்கள். திரும்பி வெகுதூரம் போன பிறகும் சிக்னல் மினுங்கிக்கொண்டே இருக்கும். (என் மனைவியும் அப்படித்தான், சொன்னால் கோபம் வரும்.)

சரி, எது கூட ஆபத்து? மறந்த சிக்னல் பெரும்பாலும் ஒரு ஹோர்ன் அடியோடு போய்விடும். வேகம் அப்படி விடாது. உலக சுகாதார அமைப்பின் கணக்கில், வீதி விபத்துகளில் இறக்கும் ஆண்கள் பெண்களைவிட ஏறக்குறைய 3 மடங்கு. ஆண்கள் கூடுதலாக வாகனம் ஓடுவதும் அதற்கு ஒரு காரணம்தான். பின்னால் ஒருபக்கமாக இருந்து போகும் பெண்களுக்கோ வேறொரு பயம்: சில்லுக்குள் சிக்கும் சேலைத் தலைப்பு.