நான்கு வருடமாக ஃப்ரீசரில் ஈஸ்ட்: வீட்டு பீர் காய்ச்சுபவரின் அனுபவம்

டொரொண்டோவில் எங்கள் வீட்டு பேஸ்மென்டில் பீர் காய்ச்ச ஆரம்பித்து ஆறு வருடம் ஆகிறது. ஈஸ்ட்டை உறையவைத்துப் பயன்படுத்துவது இது நான்காவது வருடம்.

முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். பொடி ஈஸ்ட் மட்டும் போடுபவர்களுக்கு இந்த வேலை தேவையில்லை. அந்தப் பாக்கெட்டைப் பிரிக்காமல் ஃப்ரிட்ஜில் வைத்தாலே வருடக்கணக்கில் கிடக்கும். திரவ ஈஸ்ட் அப்படி இல்லை. விலையும் அதிகம், சில மாதங்களிலேயே செல்கள் சாகத் தொடங்கும். என் கோதுமை பீருக்கு வையீஸ்ட் நிறுவனத்தின் 3068 என்ற திரவ ஈஸ்ட் இருந்தே ஆகவேண்டும். அந்த வாழைப்பழ வாசனை வேறெதிலும் எனக்குச் சரியாக வந்ததில்லை. அதைக் காப்பாற்றத்தான் இதில் இறங்கினேன்.

உறையும்போது செல்களைக் காப்பது கிளிசரின். அதையும் தண்ணீரையும் சம அளவு கலந்து, குக்கரில் முழு அழுத்தத்தில் 20 நிமிடம் வைத்து ஆறவிடுவேன். புது பாக்கெட்டிலிருந்து ஸ்டார்ட்டர் (ஈஸ்ட்டைப் பெருக்கும் சிறு கலவை) வளர்த்து, இரண்டு நாள் ஃப்ரிட்ஜில் வைத்தால் ஈஸ்ட் அடியில் படியும். 15 மி.லி. டியூபில் அந்த வண்டல் 6 மி.லி., கிளிசரின் கலவை 6 மி.லி. அவ்வளவுதான். பீர் புளித்த பாத்திரத்தின் அடியில் கிடப்பதை நான் எடுப்பதில்லை. அதில் ஹாப்ஸ் (பீருக்குக் கசப்பு தரும் பூ) கசடு இருக்கும், ஆல்கஹாலில் கிடந்து ஈஸ்ட்டும் களைத்திருக்கும்.

முதல் குளிர்காலத்தில் எட்டு டியூப் செய்து சமையலறை ஃப்ரிட்ஜின் ஃப்ரீசர் கதவில் அடுக்கினேன். ஐந்து மாதம் கழித்துப் பார்த்தால் ஐந்தில் உயிரே இல்லை. மனசு விட்டுப்போனது. கிளிசரின் அளவைத்தான் வெகுநாள் சந்தேகப்பட்டேன். உண்மையில் காரணம் ஃப்ரீசர். பனி படியாத வகை ஃப்ரீசர்களில் உள்ளே ஒரு ஹீட்டர் அவ்வப்போது ஓடிப் பனியை உருக்கும். கதவைத் திறந்து மூடுவது வேறு. வெப்பம் ஏறி இறங்கும்போதெல்லாம் சின்னப் பனித்துகள்கள் கரைந்து பெரிதாகச் சேர்ந்து செல்லைக் குத்திக் கிழிக்கும். இப்போது தெர்மாக்கோல் பெட்டிக்குள், ஐஸ் பேக்குகளுக்கு நடுவே, ஃப்ரீசரின் பின்மூலையில் வைக்கிறேன். அதற்குப் பிறகு செய்த இருபத்து மூன்றில் இதுவரை பதினேழு எடுத்தாயிற்று. எழாமல் போனது ஒன்றே ஒன்று.

எழுப்பும்போது அவசரம் கூடாது. 100 மி.லி. தண்ணீருக்கு 10 கிராம் மால்ட் (முளைகட்டிய பார்லி) சாற்றுப் பொடி போட்டுக் கொதிக்கவைத்து ஆறிய சாற்றில் டியூபை ஊற்றுவேன். அது நுரைத்து அடங்கியதும் ஒரு லிட்டருக்கு மாற்றுவேன். நேராக ஒரு லிட்டரில் போட்டால், கொஞ்சநஞ்சம் பிழைத்திருக்கும் ஈஸ்ட் பெருகுவதற்குள் வேறு கிருமி முந்திக்கொள்ளும். மூன்று வருடம் இரண்டு மாதம் ஆன டியூப் ஒன்று மூன்று நாள் அசையாமல் கிடந்தது. கொட்டிவிடலாம் என்றிருந்தேன். நாலாம் நாள் காலையில் நுரை கட்டியிருந்தது. அந்த பீரிலும் அதே வாழைப்பழ வாசனை! ஆனால் ஒவ்வொரு கட்டத்திலும் முகர்ந்து, ஒரு சொட்டு சுவைத்துப் பார்ப்பேன். புளிப்போ மருந்து வாடையோ வந்தால் யோசிக்காமல் கொட்டிவிடுவேன்.

அப்புறம் லேபிள். டியூபை ஸ்பிரிட்டால் துடைத்தபோது மார்க்கர் எழுத்து அழிந்து, எது எந்த ஈஸ்ட் என்று தெரியாமல் இரண்டைத் தூக்கிப் போட வேண்டியதாயிற்று. இப்போது பென்சிலால் எழுதி, மேலே டேப் ஒட்டுகிறேன்.

பெட்டியில் இன்னும் ஆறு டியூப் மிச்சம். நாலு 3068, இரண்டு வையீஸ்ட் 1968.