சோலார் வண்டிலுக்கு எந்தப் பற்றறி: ஈயமா, லித்தியமா?

சோலார் வண்டில் என்பது பனல், பற்றறி, பற்றறி மின்னை வீட்டு மின்னாக மாற்றுகிற இன்வேட்டர் எல்லாவற்றையும் சில்லு வைத்த ஒரு சட்டத்தில் ஏற்றித் தள்ளிக்கொண்டு போகிற சாமான். அதைச் செய்ய நினைக்கிறவர்கள் முதலில் கேட்பது பனல் எத்தனை வாட் போடலாம் என்றுதான். உண்மையில் முதலில் முடிவெடுக்க வேண்டியது பற்றறியை. ஈய அமிலமா, லித்தியம் அயன் பொஸ்பேற்றா (LiFePO4, கீழே லித்தியம் என்பது இதைத்தான்) என்று தீர்ந்துவிட்டால், சில்லு எவ்வளவு பாரம் தாங்க வேண்டும், சட்டத்துக்கு எவ்வளவு இரும்பு, பனலிலிருந்து பற்றறிக்குச் சார்ஜ் ஏறுவதைக் கட்டுப்படுத்த எந்தக் கொன்ட்ரோலர், வண்டிலை எங்கே நிறுத்துவது எல்லாம் அதன் பின்னால் வந்துவிடும். நான் இரண்டையும் விலை விசாரித்து, தூக்கிப் பார்த்து, கடைசியில் லித்தியத்தைப் போட்டேன். ஆகவே கீழே எழுதுவதில் லித்தியத்தின் பக்கம் சாய்வு இருக்கும், அதை ஒளிக்கவில்லை.

வேறு வழிகளைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பெற்றோல் ஜெனரேற்றர் என்றால் 2022 ஐ இங்கே யாழ்ப்பாணத்தில் யாரும் மறந்திருக்க மாட்டார்கள். மார்ச் கடைசியில் ஒரு நாளைக்கு 13 மணித்தியால மின்வெட்டு என்று அறிவித்த அதே காலத்தில்தான் பெற்றோலுக்கும் வரிசையில் நின்றோம், பிறகு கியூஆர் காட்டி அளவோடு வாங்குகிற முறை வந்தது. கரண்ட் இல்லாதபோது உழைக்க வேண்டிய சாமான் எரிபொருள் இல்லாமல் சும்மா கிடந்தது. சத்தமும் புகையும் வேறு. வீட்டுக்குள் வைத்து ஓட்டவே கூடாது, அந்தப் புகையில் இருக்கிற கார்பன் மொனொக்சைட் ஆளைக் கொல்லும். பெட்டியாக வருகிற ரெடிமேட் பவர் ஸ்டேஷன்கள் வடிவானவைதான், ஆனால் உள்ளே ஒரு சர்க்கிட் போர்ட் பழுதானால் முழுப் பெட்டியும் முடங்கிப் போகும். வண்டிலில் இன்வேட்டர் பழுதானால் இன்வேட்டரை மட்டும் கழற்றி மாற்றலாம். 1990 க்குப் பிறகு போரால் கன வருடம் கரண்ட் இல்லாமல் சைக்கிள் டைனமோவைச் சுற்றி றேடியோ கேட்ட ஊரில், தனித்தனிச் சாமானாகச் சேர்த்துச் செய்து தருவதற்கும் திருத்துவதற்கும் ஆள் பஞ்சம் இல்லை.

சரி, இந்த வண்டிலுக்கு என்ன வேலை? 2022 இல் போல நாள்தோறும் நீண்ட மின்வெட்டு பிறகு வழமையாக வரவில்லை. ஆனால் 2025 பெப்ரவரி 9 இல் பாணந்துறை உப மின்நிலையத்தில் ஒரு குரங்கு பட்டு நாடு முழுக்கக் கரண்ட் நின்றது. மாரியில் காற்று மழைக்கு மரம் ஒன்று விழுந்தால் எங்கள் ஒழுங்கைக்கு மட்டும் இரவிரவாகக் கரண்ட் வராது. ஆகவே கன நாள் ஒரு மூலையில் சும்மா நின்றுவிட்டு, திடீரென்று ஒரு இரவு முழுக்க உழைக்க வேண்டும். இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், முழுத் தெரிவும் இதில்தான் தங்கியிருக்கிறது.

கணக்கை முதலில் பார்ப்போம். இரண்டு ஃபான், நாலு எல்இடி பல்ப், றவுட்டர், போன்கள், ஒரு லப்டொப் என்றால் ஏறக்குறைய 120 வாட். எட்டு மணித்தியாலம் ஓடினால் 960 வாட் மணி. 12 வோல்ட் 150 ஏஎச் (அம்பியர் மணி) டியூபுலர் பற்றறியில், அதாவது வீட்டு இன்வேட்டர்களுக்குப் போடுகிற ஈய அமிலப் பற்றறியில், கணக்குக்கு 1800 வாட் மணி இருக்கிறது, ஆனால் அதை அரைவாசிக்குக் கீழே திரும்பத் திரும்ப இறக்கினால் ஆயுள் கெதியாகக் குறையும், ஆகவே நம்பி எடுக்கக்கூடியது 900 தான். 12.8 வோல்ட் 100 ஏஎச் லித்தியத்தில் இருப்பது 1280, அதில் 80 முதல் 90 வீதம் வரை தாராளமாக எடுக்கலாம், அதாவது ஆயிரத்துக்கு மேல். கடையில் 150 ஐயும் 100 ஐயும் பக்கத்துப் பக்கத்தில் வைத்து விலை கேட்கிறவர்கள் இதைக் கவனிப்பதில்லை. 100 என்று எழுதிய லித்தியம்தான் கூட வேலை செய்யும்.

பாரம் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை. டியூபுலர் அமிலத்தோடு 50 கிலோவைத் தாண்டும், லித்தியம் 10 முதல் 12 கிலோ. சட்டம் ஒட்டித் தந்த வெல்டிங் அண்ணை சில்லைக் கையால் உருட்டிப் பார்த்துவிட்டு, "தம்பி, ஈயப் பற்றறி வைக்கிறதெண்டா இந்தச் சில்லு காணாது, இரும்பும் மொத்தமாப் போடோணும்" என்றார். லித்தியம் என்று சொன்ன பிறகு ஒரு அங்குலப் பெட்டி இரும்போடு வேலை முடிந்தது. வீட்டு வாசல்படியில் ஒரு ஆள் தனியாக ஏற்றி இறக்கலாம்.

இனி முக்கியமான விஷயம், பராமரிப்பு. கோண்டாவிலில் என் மாமா வீட்டில் தையல் மெஷினுக்குப் பின்னால் ஒரு டியூபுலர் நிற்கிறது. அதன் மேல் வரிசையாக ஆறு மூடிகள், ஒவ்வொன்றிலும் தண்ணீர் மட்டம் காட்டுகிற மிதவை. முனைகளில் பச்சையும் வெள்ளையுமாகப் பூத்துப்போய் இருக்கும், சுடுதண்ணீரில் அப்பச்சோடா கரைத்து ஊற்றி, பழைய பல் துலக்கும் பிரஷ்ஷால் தேய்த்து, பிறகு கிறீஸ் பூச வேண்டும். மிதவை இறங்கினால் காய்ச்சி வடித்த தண்ணீர், கடையில் டிஸ்டில்ட் வாட்டர் என்று விற்பது, அதை மட்டும்தான் ஊற்ற வேண்டும். மாமா ஒருநாள் கேட்டார், "தம்பி, எங்கட கிணத்துத் தண்ணி நல்ல தண்ணிதானே, குடிக்கிறம்தானே, இதுக்குள்ள விட்டா என்ன?" இந்தக் கேள்வி எங்கள் ஊரில் எல்லா வீட்டிலும் வரும். யாழ்ப்பாணம் சுண்ணாம்புக் கல்லின் மேல் இருக்கிறது, கிணற்றுத் தண்ணீர் அந்தக் கல்லுக்குள்ளால்தான் வருகிறது. கேத்தலின் அடியில் வெள்ளையாகப் படிகிறதே, அது பற்றறிக்குள்ளும் போகும். அதோடு தண்ணீரில் இருக்கிற உப்பின் குளோரைட் தட்டுகளை அரிக்கும், எங்கள் பல கிணறுகளில் உவர்த்தன்மையும் உண்டு. தண்ணீர் எவ்வளவு ருசியாக இருந்தாலும் பற்றறிக்கு அது ஆகாது.

தண்ணீர் விடுவதை ஒரு கடமையாகச் செய்கிற வீடுகள் உண்டு, அது பெரிய தொல்லை இல்லை என்று அவர்கள் சொல்லலாம். அதை ஒத்துக்கொள்கிறேன். ஆனால் வண்டிலுக்கு அதைவிடப் பெரிய பிரச்சினை ஒன்று இருக்கிறது: ஈயப் பற்றறி குறைச் சார்ஜில் நிற்கக் கூடாது. மின் இறங்கும்போது தட்டுகளில் ஈய சல்பேற் படிகிறது. உடனே முழுதாகச் சார்ஜ் ஏற்றினால் அது கரைந்துவிடும். அரைகுறையாக விட்டால் நாள் போகப் போகப் பெரிய, கடினமான பளிங்குகளாக மாறிவிடும், பிறகு எவ்வளவு சார்ஜ் ஏற்றினாலும் கரையாது, பற்றறியின் கொள்ளளவு அந்த அளவுக்குப் போய்விடும். முழுச் சார்ஜ் என்பதும் லேசில் வராது. முதல் 80 வீதம் கெதியாக ஏறும், கடைசி 20 வீதத்துக்கு 14.4 வோல்ட் அளவில் மணிக்கணக்காகப் பிடித்து வைக்க வேண்டும், மின்னோட்டம் மெல்ல மெல்லக் குறைந்துகொண்டு போகும். அதற்குள் பின்னேரமாகி வெயில் தென்னையின் பின்னால் போய்விடும். நல்ல கோடையிலேயே இப்படி என்றால், ஐப்பசி கார்த்திகையில் நாட்கணக்காக வானம் மூடிக் கிடக்கும்போது என்ன நடக்கும் என்று யோசியுங்கள். கரண்ட் அதிகம் நிற்கிற மாதங்களும் அவைதான்.

அப்படியென்றால் எப்போதும் பனலோடு இணைத்து முற்றத்திலேயே விட்டால் என்ன என்று கேட்கலாம். விடலாம், தினமும் நிரம்பும், ஆனால் தண்ணீரும் கெதியாக வற்றும், சூடும் ஏறும். 25 பாகைக்கு மேல் ஒவ்வொரு 10 பாகைக்கும் ஈயப் பற்றறியின் ஆயுள் ஏறக்குறைய அரைவாசியாகும் என்பது பொதுவான கணக்கு. எங்கள் ஊரில் நிழலிலேயே 30 ஐத் தாண்டுகிறது. வண்டில் என்பது நகர்கிற சாமான், மழைக்கு உள்ளே வரும், கோயில் திருவிழாவுக்கோ செத்த வீட்டுக்கோ யாராவது கேட்டு வாங்கிப் போவார்கள், திரும்பி வரும்போது முக்கால்வாசி இறங்கியிருக்கும், இரண்டு நாள் அப்படியே நிற்கும். ஈயத்துக்கு இந்த வாழ்க்கை ஒத்துவராது. குழி விழுந்த ஒழுங்கையில் தள்ளும்போது அமிலம் தெறித்தால் சட்டத்தையும் அரிக்கும். அடைத்து வருகிற ஜெல், ஏஜிஎம் வகைகளில் தண்ணீர் விடும் வேலையும் தெறிப்பும் இல்லை, குறைச் சார்ஜ் பிரச்சினையும் சூட்டுப் பிரச்சினையும் அப்படியே இருக்கின்றன.

லித்தியம் அயன் பொஸ்பேற் இந்த இடத்தில்தான் வெல்கிறது. அது அரைவாசிச் சார்ஜில் கிடந்தால் கெடுவதில்லை, கன காலம் சும்மா வைப்பதென்றால் பாதியளவில் வைப்பதுதான் அதற்கு நல்லது. தானாக இறங்குவது மாதத்துக்கு இரண்டு மூன்று வீதம்தான். ஏற்றுகிற மின்னில் பெரும்பங்கு திரும்ப வரும், ஈயத்தைப் போலக் கடைசி 20 வீதத்துக்காக வெயிலைக் காத்திருக்க வேண்டியதில்லை. 400 வாட் பனல் எங்கள் வெயிலுக்கு ஒரு நல்ல நாளில் ஒன்றரை யூனிற் (1500 வாட் மணி) அளவுக்குத் தரும், முழுதாக இறங்கிய பற்றறி ஒரே நாளில் நிரம்பிவிடும். நான் செய்கிற பராமரிப்பு, பாவித்த பிறகு இன்வேட்டரின் சுவிட்சை நிறுத்துவதும் எப்போதாவது முனைகளின் போல்ட்டை இறுக்கிப் பார்ப்பதும்தான். சுவிட்சை நிறுத்துவதை மறக்க வேண்டாம், சுமை எதுவும் இல்லாமலே இன்வேட்டர் 10 முதல் 20 வாட் குடிக்கும், மூன்று நாலு நாளில் அதுவே பற்றறியை முடித்துவிடும்.

லித்தியத்துக்கு எதிராகச் சொல்ல வேண்டியவையும் உண்டு. வாங்கும்போது கையால் கொடுக்கிற காசு நிச்சயமாகக் கூட. வோல்ட் மீற்றரைப் பார்த்து எவ்வளவு மிச்சம் என்று சொல்ல முடியாது, ஈயம் 12.7 இல் நிறைந்தும் 12.2 இல் பாதியாகவும் இருக்கும், இது பெரும்பகுதி நேரம் 13.2 சொச்சத்திலேயே நிற்கும், ஆகவே உள்ளே போகிற, வெளியே வருகிற மின்னை அளந்து கணக்கு வைக்கிற ஷண்ட் வைத்த மீற்றர் ஒன்று தேவை. கிணற்று மோட்டர் தொடங்கும்போது இழுக்கிற பெரிய மின்னோட்டத்தை ஈயம் தாங்கிக் கொடுக்கும், லித்தியத்தின் உள்ளே இருக்கிற பிஎம்எஸ் என்ற பாதுகாப்புச் சர்க்கிட் 100 அம்பியர்தான் என்றால் வெட்டிவிடும். மோட்டர் ஓட்டுவதுதான் நோக்கம் என்றால் 24 வோல்ட்டுக்குப் போங்கள், அதில் எனக்கு அனுபவம் குறைவு. பழைய ஈயப் பற்றறியை ஒழுங்கையால் வருகிற பழைய இரும்பு வியாபாரி காசு கொடுத்து எடுப்பார், செத்த லித்தியத்தை வாங்குகிற ஆளை எங்கள் பக்கத்தில் நான் இன்னும் காணவில்லை. 3000 தடவை சார்ஜ் ஏற்றலாம் என்று தயாரிப்பாளர்கள் எழுதுகிறார்கள், நான் பாவித்த காலம் அதைச் சரிபார்க்கப் போதாது. ஆனால் அதில் பாதிதான் உண்மை என்றாலும் எனக்குக் கணக்கு சரிவரும்.

சுவரோடு நிலையாகப் பூட்டி எப்போதும் கரண்டில் சார்ஜ் ஏறிக்கொண்டிருக்கிற வீட்டு இன்வேட்டர் என்றால், தண்ணீர் பார்க்க ஒரு ஆளும் இருந்தால், டியூபுலர் இன்னும் நல்ல தெரிவுதான். மாமாவை மாற்றச் சொல்லி நான் கேட்கவில்லை.

நிசான் லீஃப் கார்களில் கழற்றிய செல்கள் மலிவாகக் கிடைக்கின்றன, அவற்றை வைத்துச் செய்கிறவர்கள் இருக்கிறார்கள். அதுவும் லித்தியம்தான் என்றாலும் இரசாயனம் வேறு, வோல்ட் கணக்கும் வேறு, சூடேறித் தீப்பிடிக்கிற ஆபத்து பொஸ்பேற்றைவிடக் கூட. பிள்ளைகள் படுக்கிற அறைக்குள் தள்ளிக்கொண்டு வருகிற வண்டிலில் நான் அதை வைக்க மாட்டேன்.

செய்யப் போகிறவர்களுக்கு இன்னும் சில. வீட்டுக் கூரைக்கு வருகிற 550 வாட் பனல் இரண்டேகால் மீற்றருக்கு மேல் நீளம், வண்டிலில் படுக்காது, பல வீட்டுப் படலைக்குள்ளாலும் திரும்பாது. 200 வாட் இரண்டை எடுத்துத் தொடராக இணைத்து எம்பிபிடி (பனலிலிருந்து எடுக்கக்கூடிய முழு மின்னையும் எடுக்கிற வகை) கொன்ட்ரோலருக்குக் கொடுங்கள், 40 அம்பியர் போதும். பனலைத் தெற்குப் பார்த்து 10 பாகை சரித்து வைத்தால் எங்கள் அகலாங்குக்குச் சரி, பனையோலை நிழல் ஒரு ஓரத்தில் விழுந்தாலே மின் நன்றாகக் குறையும் என்பதைக் கவனியுங்கள். சோளகக் காற்று வீசுகிற மாதங்களில் புழுதி துடைக்க வேண்டும். பனல் வெயிலில் நிற்கட்டும், நீள வயர் போட்டு வண்டிலை நிழலில் நிறுத்துங்கள், லித்தியத்துக்கும் சூடு நல்லதல்ல. கொன்ட்ரோலரில் ஈயத்துக்கான ஈக்குவலைஸ் அமைப்பு இருந்தால் அதை நிறுத்திவிடுங்கள், அது 15 வோல்ட்டுக்கு மேல் ஏற்றும். 1000 வாட் இன்வேட்டர் 12 வோல்ட்டில் 90 அம்பியருக்கு மேல் இழுக்கும், ஆகவே 25 சதுர மில்லிமீற்றர் செப்பு வயர், பற்றறியின் முனையோடு ஒட்டியே ஃபியூஸ்.

பற்றறி வாங்கும்போது கடையில் தராசு இருந்தால் நிறுத்துப் பாருங்கள். உண்மையான 100 ஏஎச் செல் ஒன்று ஏறக்குறைய இரண்டு கிலோ, நாலு செல் எட்டுக் கிலோ, பெட்டியும் பிஎம்எஸ்ஸும் சேர்ந்தால் பத்துக்குக் கிட்ட வரும். 100 என்று எழுதி ஆறு ஏழு கிலோதான் இருக்கிறது என்றால் உள்ளே அவ்வளவு செல் இல்லை, விலை எவ்வளவு மலிவாக இருந்தாலும் வைத்துவிட்டு வாருங்கள்.