சுட்டி டிவி: லயத்து வீட்டிலிருந்து ஒரு விமர்சனம்

எங்கள் வீட்டுக்கு டிஷ் வந்ததே மகளுக்காகத்தான். இலங்கை மலையகத்தில் ஹட்டன் பக்கம், பள்ளத்தில் லயம் (தோட்டத் தொழிலாளர் குடியிருக்கும் வரிசை வீடு), சுற்றிவர மலை. அரச தொலைக்காட்சி ரூபவாஹினியின் பெரிய கோபுரம் 2524 மீட்டர் உயரத்தில் பிதுருதலாகலை உச்சியில், எங்கள் மாவட்டத்திலேயே நிற்கிறது, ஆனாலும் இடையில் இன்னொரு மலை குறுக்கே வந்துவிடுவதால் கம்பி அண்டனாவில் எங்களுக்குப் பாதி படம், பாதி புள்ளி. டிஷ்ஷுக்கு அந்தத் தொல்லை இல்லை. செய்மதி பூமத்திய ரேகைக்கு நேர் மேலே இருக்கிறது, இலங்கையும் அதற்குக் கிட்ட, அதனால் டிஷ் வானத்தைப் பார்த்து மல்லாந்து கிடக்கும்.

சுட்டி டிவி 2007ல் சன் குழுமம் சென்னையிலிருந்து ஆரம்பித்தது. சின்னப் பிள்ளைகளுக்கென்றே தமிழில் ஓடுகிறது, அதுதான் முக்கியம். இலங்கைத் தமிழ்ச் சனல்கள் சக்தி, வசந்தம், நேத்ரா எல்லாம் பெரியவர்களுக்கும் சேர்த்து நடத்துவது, பிள்ளைகளுக்கு அதில் கொஞ்ச நேரந்தான்.

என் மகளுக்கு அதில் வரும் டோரா கார்ட்டூன் என்றால் உயிர். டோரா கேள்வி கேட்டுவிட்டுக் கண்ணை உருட்டிக்கொண்டு பேசாமல் நிற்பாள், பார்க்கிற பிள்ளை பதில் சொல்லவேண்டும், அதுதான் அந்த நிகழ்ச்சியின் தந்திரம். மகள் கத்திக் கத்திப் பதில் சொல்வாள். முதல் நாள் தேயிலைக் கொழுந்து எடுத்துவிட்டு வந்த அப்பாயி, கூடையை இறக்கக்கூட இல்லை, "இவ யாருகிட்ட சண்ட போடுறா?" என்று பயந்துபோனார். இப்போது டோராவின் பொருளைத் திருடக் குள்ளநரி வந்தால் அப்பாயிதான் முதலில் கத்துகிறார். அதே கதை நாலாவது முறை வந்தாலும் எனக்குத்தான் சலிக்கிறது, அவர்கள் இரண்டு பேருக்கும் இல்லை.

அப்புறம் மொழி. மகள் அப்பாயியையே "நண்பர்களே" என்று கூப்பிட ஆரம்பித்துவிட்டாள். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது, ஆனால் காலையில் வேலை பிரித்துக் கொடுக்கும் பிரட்டும், கொழுந்து நிறுக்கும் மடுவமும் எந்தக் கார்ட்டூனில் வரப்போகிறது? சென்னைப் பிள்ளைகளுக்காகச் செய்ததை நாம் ஓரத்தில் நின்று பார்க்கிறோம், அவ்வளவுதான். விளம்பரம் வந்தால் இது நன்றாகத் தெரியும். பத்து ரூபாய் சொக்லேட் என்று பார்த்துவிட்டு, பத்து ரூபாய்க் குற்றியோடு கடைக்குப் போய் அழுதுகொண்டு திரும்பி வந்தாள். அது இந்திய ரூபாய் என்று ஐந்து வயதுப் பிள்ளைக்கு எப்படி விளங்கவைப்பது?

சனலுக்கு என்னிடம் பத்துக்கு ஏழு. டிஷ் பூட்டித் தந்த ஆளுக்குச் சுழியம், ரீசார்ஜ் காசை வாங்கிவிட்டு மூன்று நாள் போனே எடுக்கவில்லை. வாங்க நினைக்கிறவர்கள் ஒன்று கவனியுங்கள், ஜூன், ஜூலையில் மழை கொட்டினால் படம் உறைந்துவிடும், டிஷ்ஷைத் தட்டிப் பிரயோசனம் இல்லை, மழை விட்டால் தானாக வரும். அந்த மாதங்களுக்குக் குறைந்த பெக்கேஜ் போடுங்கள்.