காரைக்குடியில் படகு பம்ப் வாங்கப் போகிறவர்கள் இதைப் படித்துவிட்டுப் போங்கள்

அடுத்த மழை தொடங்குவதற்குள் இதை எழுதிவிட வேண்டும் என்று இருந்தேன். எங்கள் தேவகோட்டை, காரைக்குடிப் பக்கம் கடல் கிடையாது. ஆனால் தொண்டி, மீமிசல் பக்கம் படகு வைத்திருப்பவர்களில் பலர் பேட்டரி, வயர், பம்ப் வாங்கக் காரைக்குடிக்குத்தான் வருகிறார்கள். என் மச்சானும் போன புரட்டாசியில் அப்படித்தான் வந்தார். நானும் கூடப் போனேன்.

அவருடையது டீசல் என்ஜின் வைத்த பைபர் படகு. விசிறித் தண்டு போகிற குழாய் வழியாக எப்போதும் கொஞ்சம் தண்ணீர் சொட்டும். அலைத் தண்ணீர், மழைத் தண்ணீர் எல்லாம் சேர்ந்து பின்பக்கத்து அடியில் தேங்கும். தண்ணீர் ஏறியதும் தானாக ஓடுகிற 12 வோல்ட் பம்பும், தண்ணீரோடு மிதவை எழும்பினால் அதை ஓட்டிவிடுகிற ஒரு பிளோட் சுவிட்சும்தான் கேட்டோம். கடைக்காரர் 1100 கேலன் என்று போட்ட ஒரு பெட்டியை எடுத்து வைத்தார். “கடலுக்குன்னே செஞ்சதுண்ணே, ரெண்டு வருஷத்துக்குத் திரும்பிப் பார்க்க வேண்டாம்” என்றார். மிதவையை விரலால் தூக்கிக் காட்டினார், மோட்டார் ஓடியது. விலை 3,400 ரூபாய். பில் கேட்டதற்குத் துண்டுச் சீட்டில் தொகையை எழுதிக் கடை முத்திரை குத்திக் கொடுத்தார்.

ஐப்பசியில் ஒரு ராத்திரி விடாமல் பெய்தது. படகு நங்கூரத்தில் நின்றது. விடிந்து போய்ப் பார்த்தால் என்ஜின் பாதிக்கு மேல் முங்கிக் கிடக்கிறது. ஸ்டார்ட்டர், டைனமோ, பேட்டரி எல்லாம் தண்ணீருக்குள். பம்ப் ஓடவே இல்லை.

பம்பைக் கழற்றி வேறு பேட்டரியில் நேராகக் கொடுத்தோம், ஓடியது. அப்படியென்றால் கோளாறு சுவிட்சில். அதோடு சேர்த்தே வந்திருந்த வயரை அறுத்துப் பார்த்தேன். மேலே ரப்பர் புதுசாகத்தான் இருந்தது. உள்ளே இழைகள் கறுத்துப் பொடிப்பொடியாக உதிர்ந்தன. கெட்டுப் போகாத இடத்தில் ஒரு இழையைப் பிளேடால் சீவினேன். மேலே செம்பு நிறம், உள்ளே வெள்ளை. அலுமினியத்துக்குச் செம்பு முலாம் பூசிய வயர்! செம்பும் அலுமினியமும் தொட்டுக்கொண்டிருக்கிற இடத்தில் உப்புத் தண்ணீர் இறங்கினால் அலுமினியம் வெகு சீக்கிரம் அரித்துவிடும். கடல் காற்றும் உப்பும் உலோகத்தை என்ன செய்யும் என்று மண்டபத்தில் நிலையம் வைத்து ஆராய்ந்த சிக்ரி (மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம்) இருக்கிற ஊர் காரைக்குடி. அந்த ஊரில் இதைக் ‘கடல் சாமான்’ என்று சொல்லி விற்றதுதான் எனக்குத் தாங்கவில்லை.

அப்புறம் பம்பையும் சோதித்தோம். 1100 கேலன் என்றால் மணிக்கு சுமார் 4,160 லிட்டர். 20 லிட்டர் வாளி 18 விநாடிக்குள் நிறைய வேண்டும். பெட்டியில் போடுகிற எண், குழாயும் இல்லாமல் உயரமும் இல்லாமல் ஓடும்போது வருகிற கணக்கு என்பது உண்மைதான். மூன்றடி ஏற்றினால் நல்ல பம்பிலேயே மூன்றில் ஒரு பங்கு குறையும், சில சமயம் பாதிகூட. சரி, அரை நிமிஷம் ஆகட்டும். இது ஒரு நிமிஷம் தாண்டியும் வாளியை நிரப்பவில்லை. நீர்மட்டத்துக்கு ஓரடி கீழே ஒரு அங்குல ஓட்டை விழுந்தாலே நிமிஷத்துக்கு 40 லிட்டருக்கு மேல் உள்ளே வரும். இந்தப் பம்பை நம்பிக் கடலுக்குப் போனால் என்ன ஆகும் என்று நினைத்துப் பாருங்கள்.

கடையில் கொண்டுபோய்க் காட்டினோம். “கடல் தண்ணி பட்டா வாரண்டி கிடையாதுண்ணே” என்று அதே வாயால் சொன்னார். நுகர்வோர் கோர்ட்டுக்குப் போவோம் என்றதும், தொழிலுக்கு வாங்கினால் அங்கே செல்லாது என்றார். அது பொய். பிழைப்புக்காகத் தானே உழைத்து நடத்துகிற தொழிலுக்கு வாங்கியவரும் 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நுகர்வோர்தான்.

இப்போது வேறு கடையில் வேறு செட் வாங்கிப் போட்டிருக்கிறோம். வாங்குவதற்கு முன் வயர் நுனியைச் சீவிக் காட்டச் சொன்னோம். வெள்ளீயம் பூசிய முழுச் செம்பு. எத்தனை அடி ஏற்றினால் எவ்வளவு தண்ணீர் தள்ளும் என்று கம்பெனியே அட்டவணை கொடுத்திருந்தது. அது இல்லாத பெட்டியைத் தொடாதீர்கள். மிதவை கூண்டுக்குள் இருக்கிற மாதிரி எடுத்தோம். வலைநூலும் மீன் செதிலும் சிக்கினால் திறந்த மிதவை எழும்பாது, அல்லது இறங்காமல் நின்று பேட்டரியைக் காலி செய்துவிடும். சுவிட்ச் வயரை மெயின் சுவிட்சுக்குக் கொண்டுபோகாமல், கம்பெனி சொன்ன அளவு பியூஸ் வைத்துப் பேட்டரியிலிருந்தே எடுத்திருக்கிறோம். அப்போதுதான் எல்லாவற்றையும் அணைத்துவிட்டு வீட்டுக்கு வந்தாலும் பம்ப் விழித்திருக்கும். இணைப்புகள் தண்ணீர் எட்டாத உயரத்தில், சூடு காட்டினால் சுருங்கி, உள்ளே பசை உருகி ஒட்டுகிற குழல் போட்டு. வெறும் டேப் சுற்றினால் போதாது. சுருள்சுருளான ஹோஸ் வேண்டாம், உள்ளே வழவழப்பாக இருப்பதைக் கேளுங்கள். முக்கியமாக, கடையில் விரலால் தூக்கிக் காட்டுவதைச் சோதனை என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். சுவிட்சை உப்புத் தண்ணீர் வாளியில் ஒரு ராத்திரி போட்டுவைத்து, காலையில் ஓட்டிப் பாருங்கள். மாற்றித் தருவேன் என்று பில்லில் எழுதித் தருகிற கடையில் மட்டும் வாங்குங்கள்.

1915 என்கிற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதிந்தோம். சிவகங்கை மாவட்ட நுகர்வோர் ஆணையத்திலும் மனு கொடுத்தாகிவிட்டது. கொடுத்த பணம் 5 லட்சத்துக்குள் என்றால் மனுவுக்குக் கட்டணம் இல்லை, இரண்டு வருஷத்துக்குள் கொடுத்தால் போதும். எங்களிடம் இருந்தது அந்த முத்திரை போட்ட துண்டுச் சீட்டும் சீவிய வயரின் படங்களும்தான். உங்களுக்கும் இப்படி ஆகியிருந்தால் பழைய சுவிட்சைத் தூக்கி எறிந்துவிடாதீர்கள். வயரோடு அப்படியே எடுத்து வையுங்கள், ஆணையத்தில் அது சாட்சியாக உதவும்.