காட்பாடியில் ஒரு ஜி.ஆர்.இ. பயிற்சி மையம்: வகுப்புக்குக் கொடுத்த பணமும் விண்ணப்பத்துக்குக் கொடுத்த பணமும்

காட்பாடி காந்தி நகரில், குறுகிய படிக்கட்டில் ஏறிச் செல்ல வேண்டிய ஒரு மாடியில் இயங்கும் பயிற்சி மையம் ஒன்றில், பிப்ரவரி முதல் மே வரை, வெளிநாட்டுப் பல்கலைக்கழகங்களில் முதுநிலைப் படிப்பில் சேர எழுதும் ஜி.ஆர்.இ. தேர்வுக்குப் படித்தேன். குறையும் சொல்லப்போவதால் பெயரைத் தவிர்க்கிறேன். வகுப்புக்கு 16,000 ரூபாய், விண்ணப்ப உதவிக்கு 25,000 ரூபாய் என இரண்டு கட்டணங்கள், இரண்டையும் கட்டினேன். முதலாவது முழுமையாகப் பயன்பட்டது. இரண்டாவதைக் கட்டியிருக்கவே வேண்டாம்.

அங்கிருந்த இருபது பேரில் பாதிப் பேர் ஏற்கெனவே இங்குள்ள முதுநிலைப் படிப்புகளுக்கான டான்செட் அல்லது கேட் நுழைவுத் தேர்வை எழுதியவர்கள். தவறான விடைக்கு மதிப்பெண் குறையும் என்ற அச்சத்தில், ஐயமுள்ள கேள்வியை விட்டுவிடும் பழக்கம் எங்கள் கையிலேயே ஊறியிருந்தது. ஜி.ஆர்.இ.யில் அவ்வாறு கழிப்பதில்லை. ஒரு கேள்வியைக்கூட வெறுமையாக விடக் கூடாது. இந்தப் பழக்கத்தை மாற்றவே கணித ஆசிரியர் ஒரு வாரம் எடுத்துக்கொண்டார். கணிதத்தின் இரண்டு பகுதிகளில் முதல் பகுதியில் நாம் எவ்வளவு சரியாக விடையளிக்கிறோமோ அதைப் பொறுத்தே இரண்டாம் பகுதியின் கடினம் அமைகிறது என்பதால், முதல் பகுதியின் 12 கணக்குகளுக்கு உள்ள 21 நிமிடங்களில் எளியவற்றைச் சிந்தாமல் எடுத்துவிட்டு, அடம்பிடிப்பதைக் குறித்து வைத்துக்கொண்டு திரும்பி வர வேண்டும் என்பதை அவர் கடிகாரத்தை மேசை மீது வைத்தே பழக்கினார்.

இரு அளவுகளை ஒப்பிடும் கேள்விகளை அவர் நடத்திய விதம் இன்னும் நினைவில் நிற்கிறது. எக்ஸ் பெரிதா, அதன் வர்க்கம் பெரிதா என்று எழுதிப் போட்டார். வகுப்பு முழுவதும் வர்க்கம் என்றது. 2 என்றால் வர்க்கம் பெரிது, அரை என்றால் எக்ஸ் பெரிது, 0 அல்லது 1 என்றால் இரண்டும் சமம். ஆகவே தீர்மானிக்க இயலாது என்பதே விடை. அதன் பிறகு பூச்சியம், ஒன்று, பின்னம், குறை எண் ஆகிய நான்கையும் வைத்துப் பார்க்காமல் யாரும் வாய் திறக்கவில்லை.

ஆங்கிலப் பகுதிதான் எங்களில் பலருக்குப் பூதம். பத்தாம் வகுப்பு வரை தமிழ்வழியில் படித்த எனக்கும் அப்படியே. அந்த ஆசிரியை சொற்பட்டியலை மனப்பாடம் செய்யச் சொல்லவில்லை. கோடிட்ட இடத்தில் என்ன பொருள் வர வேண்டும் என்பதை முதலில் தமிழில் சொல்லச் செய்துவிட்டு, அதன் பிறகே விடைகளைப் பார்க்கவிட்டார். ஆறு சொற்களில் இரண்டைத் தேர்ந்தெடுக்கும் கேள்வியில் ஒன்று மட்டும் சரியானால் மதிப்பெண் கிடையாது என்பதால், இந்த முறை வீண் ஊகத்தைப் பெருமளவு குறைத்தது. முதல் மாதிரித் தேர்வில் 300 எடுத்த நான், சென்னையில் எழுதிய தேர்வில் 316 எடுத்தேன்; கூடிய 16இல் 9 ஆங்கிலப் பகுதியில் வந்தவை.

வசதிகளைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. தகரக் கூரை, அக்னி நட்சத்திரத்தில் அடுப்பு. அலமாரியில் இருந்த புத்தகங்களில் பெரும்பாலானவை 2023 செப்டம்பருக்கு முந்தையவை. இரண்டு கட்டுரைகளுடன் மூன்றே முக்கால் மணி நேரம் நடந்த பழைய தேர்வுக்கு உரியவை. இப்போது ஒரே கட்டுரை, மொத்தம் 1 மணி 58 நிமிடம். துண்டறிக்கையில் ஐந்து மாதிரித் தேர்வுகள் என்று போட்டிருந்தார்கள். அவற்றில் இரண்டு, தேர்வை நடத்தும் இ.டி.எஸ். நிறுவனம் எல்லோருக்கும் இலவசமாகத் தரும் பவர்பிரெப் தேர்வுகள்.

இனி அந்த 25,000. முதல் நாளே ஒரு பல்கலைக்கழகப் பட்டியலை நீட்டினார்கள். என் நண்பருக்கும் அதே பட்டியல், அவர் படித்தது கணினி, நான் இயந்திரப் பொறியியல். சில பல்கலைக்கழகங்கள் முகவர்களுக்குத் தரகு தருவது ஊரறிந்த செய்தி என்பதால் எனக்கு ஐயம் வந்தது. 2020க்குப் பிறகு பல துறைகள் ஜி.ஆர்.இ.யைக் கட்டாயமில்லை என்று ஆக்கிவிட்டன. நான் தேர்ந்தெடுத்த ஏழில் மூன்று அப்படிப்பட்டவை என்பதை அவற்றின் இணையதளங்களைப் பார்த்து நானேதான் தெரிந்துகொண்டேன். தேர்வு நாளில் நான்கு இடங்களுக்கு மதிப்பெண்ணை இலவசமாக அனுப்பலாம் என்பதால், இது தெரியாமல் போயிருந்தால் அந்த வாய்ப்பையும் வீணாக்கியிருப்பேன்.

எஸ்.ஓ.பி. எனப்படும் நோக்க அறிக்கையில் இன்னும் மோசம். சிறு வயதிலிருந்தே இயந்திரங்கள் மீது தீராத ஆர்வம் என்று எனக்குத் தொடங்கியிருந்தார்கள். நண்பருக்கு இயந்திரம் இருந்த இடத்தில் கணினி. ராணிப்பேட்டைத் தோல் தொழிற்சாலை ஒன்றில், பதனிடும் உருளையைச் சுழற்றும் பல்சக்கரம் ஏன் விரைவில் தேய்கிறது என்று நாங்கள் நான்கு மாதம் அளந்து பார்த்த இறுதியாண்டுப் பணி அதில் ஒரே வரியாகச் சுருங்கியிருந்தது. அதை அப்படியே ஒதுக்கிவிட்டு, பல்சக்கரத்திலிருந்தே தொடங்கி நானே எழுதினேன்.

பரிந்துரைக் கடிதத்துக்கு அவர்கள் காட்டிய வழிதான் என்னை வெளியே வரச் செய்தது: பேராசிரியர்கள் பெயரில் மின்னஞ்சல் முகவரிகளைத் தாங்களே உருவாக்கி, பல்கலைக்கழகம் அனுப்பும் இணைப்பில் தாங்களே கடிதத்தை ஏற்றிவிடுவார்களாம். இதற்குப் பெயர் உதவி அல்ல, மோசடி. பிடிபட்டால் சேர்க்கையே போய்விடும், முகவருக்கு ஒன்றும் ஆகாது. என் கல்லூரியில் அந்த இணைப்பை அதுவரை கண்டிராத பேராசிரியருடன் ஒரு பிற்பகல் உட்கார்ந்தேன்; கல்லூரி மின்னஞ்சலிலிருந்தே அவர் தம் சொற்களில் அனுப்பினார். விண்ணப்ப உதவிக்குக் கட்டிய பணத்தைத் திருப்பிக் கேட்டதற்கு, ரசீதின் பின்பக்க விதியைக் காட்டினார்கள்.

சேர நினைப்பவர்கள் மாலை வகுப்பில் சேர்வது நல்லது. மேற்சொன்ன இரண்டு ஆசிரியர்களும் அதற்கு மட்டுமே வருகிறார்கள். ரசீது போடும்போது வகுப்புக் கட்டணத்தைத் தனியாக எழுதச் சொல்லி வாங்குங்கள். கேட்காவிட்டால் இரண்டையும் சேர்த்து 41,000 என்றே போட்டுவிடுகிறார்கள்.