கியர் நழுவும் பழைய மினிவேன்: வேறு கியர்பாக்ஸா, இருப்பதையே பிரித்துச் சீரமைப்பதா?

பதினைந்து வருடமாக ஏழு பேரை இழுத்த மினிவேனில் ஆட்டோமேட்டிக் கியர் நழுவ ஆரம்பித்தால் மெக்கானிக் இரண்டு வழி சொல்வார். உடைத்து விற்கும் வண்டியிலிருந்து கழற்றிய கியர்பாக்ஸ் விலை குறைவு, சீக்கிரம் மாட்டிவிடலாம். ஆனால் அது எத்தனை கிலோமீட்டர் ஓடியது, ஆயில் கடைசியாக எப்போது மாற்றினார்கள் என்பதெல்லாம் பெரும்பாலும் தெரியாது, உங்களுடையதைப் போலவே அதுவும் கிழம்தான். இருப்பதையே பிரித்துக் கிளட்ச் தட்டுகள், சீல்கள், தேவைப்பட்டால் டார்க் கன்வர்ட்டர் (என்ஜின் சக்தியை ஆயில் வழியாகக் கியர்பாக்ஸுக்குக் கடத்தும் பாகம்) என்று மாற்றினால் செலவும் நாளும் கூடும், ஆனால் உள்ளே எது புதிது என்று தெரியும். பாடி துருப்பிடிக்காமல் இருந்தால் நான் இதைத்தான் செய்வேன். துரு ஏறிவிட்டதா, சரி, வேறு வண்டியில் கழற்றிய கியர்பாக்ஸே போதும். அப்புறம், இரண்டுக்கும் முன்னால் கியர்பாக்ஸ் ஆயில் அளவையும், வண்டியின் கம்ப்யூட்டரில் பதிந்த கோளாறுக் குறியீட்டையும் பார்க்கச் சொல்லுங்கள். சில வண்டிகளில் சோலினாய்டை (கியர்பாக்ஸுக்குள் ஆயில் ஓட்டத்தைக் கட்டுப்படுத்தும் மின் வால்வு) மாற்றினாலே நழுவல் நின்றுவிடும்.